மாதம் முப்பது நாள். சம்பளம் எத்தனை நாள்?

ஆயிரம், ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எழுநூற்றைம்பது. இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிக்கப்படும் நாட்சம்பளம் ஏறிக்கொண்டே போகிறது. லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அடுப்படியில் மட்டும் பற்றாக்குறை ஏன் தீரவில்லை?

2024 மே முதலாம் திகதி, கொட்டகலை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் மே தின மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஓர் எண்ணைச் சொன்னார்: 1,700 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் இனி இதுதான் என்றார். வர்த்தமானியும் (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அரசே அதைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், சம்பள நிர்ணய சபை வழியாக உறுதியானது 1,350 ரூபாய். அதற்கு மேலே வேண்டுமானால் கூடுதல் கொழுந்து பறித்துத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஆட்சி மாறியது. 2025 நவம்பரில் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, 2026 ஜனவரி முதல் 1,750 ரூபாய் என்றார். கம்பனிகள் 1,550 கொடுக்க, வருகை ஊக்கத்தொகையாக அரசு 200 ரூபாய் சேர்க்கும் என்பது ஏற்பாடு. தனியார் கம்பனித் தொழிலாளரின் நாட்சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கருவூலம் சுமப்பது, தொழிலுக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு எந்த அளவுக்குப் பழுதாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

பத்து ஆண்டுகளாக மலையக அரசியல் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றியே நடக்கிறது. தேர்தல் வந்தால் எண் ஏறும். தேர்தல் முடிந்தால் பேச்சுவார்த்தை இழுபடும். நாட்சம்பளத்துக்காக நடந்த போராட்டம் நியாயமானது. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அரிசிக்கடைக்காரர் நாட்கணக்கில் கடன் தருவதில்லை. பள்ளிக்கூட வேன், மின்கட்டணம், அடகு வட்டி எல்லாம் மாதக் கணக்கு. தொழிலாளியின் சம்பளம் மட்டும் நாட்கணக்காகவே நிற்கிறது. நாளுக்கு எவ்வளவு என்று கேட்கும் நாம், மாதத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பதே இல்லை. வாழப் போதுமான சம்பளமான வாழ்வூதியத்தின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு பேரும் அரைப் பேரும்

விடிந்ததும் பெரட்டு. எந்த மலையில் வேலை, யாருக்கு எந்த நிரை என்று அங்கே பிரிக்கப்படும். இடுப்பில் படங்கைக் கட்டி, கொழுந்துப் பையையோ கூடையையோ தலையில் மாட்டி, பெண்கள் மலை ஏறுவார்கள். நாளில் இரண்டு மூன்று முறை நிறுவை. கங்காணியோ கணக்கப்பிள்ளையோ தராசைப் பார்த்து எழுதும் கிலோதான் அன்றைய கூலியைத் தீர்மானிக்கும்.

தோட்டம் நிர்ணயித்த கிலோவை எடுத்தால் முழுப் பேர். எடுக்காவிட்டால் பல தோட்டங்களில் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். இந்த அளவு எங்கும் ஒன்றல்ல. 16, 18, 20, 22 என்று தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் கொழுந்து தளதளவென்று வந்தால் எட்டிவிடலாம். வறட்சி மாதங்களில் அதே பெண், அதே மலையில், அதே எட்டு மணி நேரம் நின்றாலும் பை நிறையாது. ஈரக் கொழுந்துக்கு, பையின் பாரத்துக்கு என்று தராசடியில் வெட்டும் கிலோக்கள் வேறு. நாட்சம்பளம் 1,350 என்று வர்த்தமானியில் அச்சடித்திருந்த காலத்திலும், அரைப் பேர் விழுந்தால் அவள் கைக்கு வந்தது 675தான்.

அதனால்தான் சம்பளம் உயரும்போதெல்லாம் தோட்டங்களில் கிலோ அளவும் உயர்கிறது என்ற முறைப்பாடு எழுகிறது. 2021இல் ஆயிரம் ரூபாய் அமுலுக்கு வந்த பிறகு இந்த முறைப்பாடு மலைநாடு முழுக்கக் கேட்டது. வேலை நாட்களைக் குறைப்பது, கூடுதல் கிலோ கேட்பது, முழுப் பேரை அரைப் பேராக்குவது ஆகிய மூன்று வழிகளிலும், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ள நிர்வாகத்தால் முடியும். மூன்றுமே வர்த்தமானியின் கண்ணுக்கு வெளியே நடப்பவை.

சம்பள நாளில் கையில் கிடைக்கும் துண்டில் வரவு ஒரு வரி, கழிவு பல வரி. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் பிடிப்பார்கள். அது பிற்காலச் சேமிப்பு, நல்லதுதான். அதற்குப் பிறகு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தோட்டத்தில் கொடுத்த தேயிலைத்தூள், கோவில் வரி, கடன் தவணை. தீபாவளி முடிந்த மாதங்களில் ஒற்றை இலக்க ஆயிரங்களை எண்ணிக்கொண்டு வீடு திரும்புவது மலையகத்தில் புதுக்கதை அல்ல.

54 சதத்தில் தொடங்கிய கணக்கு

இந்த நாட்கூலி முறைக்கு நீண்ட வேர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டி வந்தவர் பெரிய கங்காணி. வழிச்செலவுக்குக் கொடுத்த முற்பணம் கடனாக ஏறியது. வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தரகு இருந்தது. கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கோப்பியை இலைநோய் அழித்து, தேயிலை வந்த பிறகும் முறை மாறவில்லை. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. மேல்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயமானது. சலுகை விலை அரிசி தனி. ஆசியாவில் இப்படி ஒரு சட்டம் அன்று அபூர்வம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலை விலை சரிந்ததும், 1930களின் தொடக்கத்திலேயே இந்தத் தொகை வெட்டப்பட்டது. சந்தை ஏறும்போது பங்கு கிடைக்காது, சந்தை இறங்கும்போது வெட்டு மட்டும் விழும் என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சங்கம் கட்டிய காலம் அது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகத்தின் சம்பளப் போராட்டத்தில் முதல் தியாகியாக அவரையே இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சுதந்திரம் வந்த 1948இலேயே பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாதவனுக்குச் சம்பளப் பேச்சில் என்ன பலம் இருக்கும்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தது. ஒரே கொழுந்தை ஒரே மலையில் பறித்தாலும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்ற அநீதி 1984 வரை நீடித்தது. அந்த ஆண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது.

1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. 22 பிராந்தியக் கம்பனிகள் உருவாயின. நிலம் அரசினது, குத்தகை 2045 வரை கம்பனிகளுடையது. தனியார் கைக்குப் போனபோது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதில் பாதிக்கும் கீழே.

ஆயிரத்துக்கு ஆறு ஆண்டு

தனியார்மயத்துக்குப் பின் சம்பளத்தைத் தீர்மானித்தது கூட்டு ஒப்பந்தம். ஒருபுறம் முதலாளிமார் சம்மேளனம். மறுபுறம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2013 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450, வருகைக்கு 140, விலைப் பங்கு 30. ஆக 620 ரூபாய். அது 2015 மார்ச்சில் முடிந்தபோதுதான் ‘நாளுக்கு ஆயிரம் ரூபாய்’ என்ற கோரிக்கை மேடையேறியது.

ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப் பின் 2016 அக்டோபரில் கிடைத்தது 730. அதிலும் அடிப்படை 500 மட்டுமே. மீதி 230 ரூபாய் வருகை, உற்பத்தி, விலைப் பங்கு என்று நிபந்தனை போட்டுக் கட்டிய பொட்டலங்கள். சேமலாப நிதியும் பணிக்கொடையும் கணக்கிடப்பட்டது அடிப்படைச் சம்பளத்தில்தான். இந்தப் பிரிப்பு எங்கே அடித்தது என்பது ஓய்வு பெறும் நாளில் தெரியும்.

2018 அக்டோபர் 24 அன்று கறுப்பு உடை அணிந்த ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். பலர் தலைநகரின் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்கள். தாயும் தகப்பனும் தோட்டத்தில். எந்தச் சங்கத்தின் கொடியும் இல்லாமல் அவர்கள் கேட்டதும் அதே ஆயிரம்தான். 2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கியது. வருகைக் கொடுப்பனவையும் உற்பத்திக் கொடுப்பனவையும் எடுத்துவிட்டது. விலைப் பங்கு 50. மொத்தம் 750. அடிப்படை 200 ரூபாய் ஏறியது உண்மை. எல்லாக் கொடுப்பனவும் பெற்றுவந்த தொழிலாளிக்கு நாளுக்குக் கூடியது 20 ரூபாய்.

கோட்டாபய ராஜபக்ச அரசு 2020 மார்ச் முதல் ஆயிரம் என்றது, நடக்கவில்லை. கடைசியில் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு, சம்பள நிர்ணய சபைக்குப் போய், 2021 மார்ச்சில் 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு என்று ஆயிரத்தை வர்த்தமானியாக்கினார்கள். கேட்கத் தொடங்கி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறின. சம்பளத்தோடு வேலை நிபந்தனை, நலன்கள், தகராறு தீர்க்கும் வழி எல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருந்தன. எண் கிடைத்தது, அந்த எண்ணைக் காக்கும் வேலி போனது.

அப்படிக் கிடைத்த ஆயிரத்தின் ஆயுளும் சொற்பம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் சுமார் 5 டாலர். 2022 நடுவில், நாடு வங்குரோத்தான பின், அதே ஆயிரம் 3 டாலருக்கும் கீழே. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரே ஆண்டில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சம்பளத்தை விலைவாசியோடு கட்டிவைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், தொழிலாளர் 2024 செப்டம்பர் வரை அதே ஆயிரத்தில்தான் நின்றார்கள். அப்போது வந்த 1,350 ரூபாயின் டாலர் மதிப்பு சுமார் நாலரை. மூன்றரை ஆண்டு போராடி வாங்கிய ‘உயர்வு’, டாலர் கணக்கில் 2021இன் ஆயிரத்தைவிடக் குறைவு.

அடுப்படிக் கணக்கு

வாழ்வூதியம் என்பது புதுச் சிந்தனை அல்ல. 1919இல் உருவான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சாசன முகவுரையிலேயே போதுமான வாழ்வூதியம் பற்றிய வரி இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 43ஆவது உறுப்பும் அதை அரசின் இலக்காக வைக்கிறது. 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கு ஒரு பொது விளக்கத்தை ஏற்றுக்கொண்டது: வழக்கமான வேலை நேரத்துக்குள் உழைத்த தொழிலாளியும் அவரது குடும்பமும், அந்த நாட்டின் நிலைமைக்கேற்ப, கண்ணியமாக வாழப் போதுமான சம்பளம். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. கணக்கு குடும்பத்துக்கானது. அது வழக்கமான வேலை நேரத்துக்குள் வர வேண்டும்; நிர்ணயித்த கிலோவுக்கு மேல் இன்னும் ஏழு கிலோ பறித்துத்தான் வாழலாம் என்றால் அது வாழ்வூதியம் ஆகாது.

கணக்கிடும் முறையும் எளிது. சத்தான உணவுக்கு எவ்வளவு, தகுந்த வீட்டுக்கு எவ்வளவு, கல்வி, மருத்துவம், போக்குவரத்து, உடை முதலியவற்றுக்கு எவ்வளவு, திடீர்ச் செலவுக்குக் கொஞ்சம் என்று கூட்ட வேண்டும். அதைக் குடும்பத்தில் உழைப்பவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேடையில் நின்று சொல்லும் முழு எண்ணாக அது ஒருபோதும் வராது. 1,700 என்றோ 2,000 என்றோ சில்லறை இல்லாமல் முடியாது.

இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டையே எடுத்துக்கொள்வோம். அது கண்ணியமான வாழ்க்கைக்கான கோடு அல்ல. உயிர் பிழைப்பதற்கான அடிமட்டம். 2024இல் ஒரு ஆளுக்கு மாதம் 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்றது அரசின் புள்ளிவிவரத் திணைக்களம். நான்கு பேர் குடும்பத்துக்கு 64 ஆயிரம்.

இப்போது அதே ஆண்டின் சம்பளத்தை வைத்துப் பார்க்கலாம். கணவனும் மனைவியும் இருவருமே தோட்டத்தில். இருவருக்கும் மாதம் 25 நாள் வேலை, ஒரு நாள்கூட அரைப் பேர் இல்லை, காய்ச்சல் இல்லை, சாவு வீடு இல்லை. ஆளுக்கு 33,750 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போக 31,050. இருவருக்கும் சேர்த்து 62,100. எல்லாம் சரியாக நடக்கும் கனவு மாதத்திலேயே குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே நிற்கிறது.

வேலை 18 நாள்தான் கிடைத்தது என்று வையுங்கள். ஆளுக்கு 24,300. இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய். 2026 ஜனவரி முதல் 30,000. 2025இல் நாட்கணக்கில் பார்த்தால் தோட்டத் தொழிலாளியின் 1,350, அன்றைய தேசிய நாட்சம்பளமான 1,080ஐவிட அதிகம். மாதக் கணக்கில் பார்த்தால் 18 நாள் வேலை செய்தவர் தேசிய மட்டத்துக்குக் கீழே விழுந்துவிடுகிறார். 1,750 ரூபாய் முழுமையாகக் கிடைத்தாலும் 18 நாளுக்கு 31,500தான். இருவருக்கும் 63,000. 2024இன் வறுமைக்கோட்டையே அது தொடவில்லை.

இந்தக் கணக்கில் எதையும் மிகைப்படுத்தவில்லை. நாட்சம்பளத்தை நாட்களால் பெருக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். எந்த மேடையிலும் அந்தப் பெருக்கலைச் செய்வதில்லை.

கம்பனிகள் சொல்வது என்ன?

மறுதரப்பின் கணக்கையும் கேட்க வேண்டும். தேயிலையின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிதான் என்கின்றன கம்பனிகள். கென்யாவிலும் தென்னிந்தியாவிலும் ஓர் ஆள் பறிக்கும் கொழுந்து இங்கே பறிப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல் என்கின்றன. கூலியை ஏற்றினால் ஏலத்தில் விலை ஏறாது. இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிறு தோட்ட உரிமையாளரிடமிருந்து வருவதால் அவர்களோடு போட்டி போட முடியாது. தோட்டங்கள் மூடப்படும் என்கின்றன.

இதில் உண்மை உண்டு. நன்கு பறித்த 20 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைப்பது நாலு கிலோவுக்குச் சற்று மேலான தூள். கொழும்பு ஏலத்தில் அண்மைய ஆண்டுகளில் சராசரி விலை கிலோ 1,100 ரூபாய்க்கு மேல். ஆக ஒரு பெண்ணின் ஒரு நாள் கொழுந்து ஏலத்தில் ஏறத்தாழ 4,600 ரூபாய் பெறும். அதில் 2025 கணக்குப்படி அவளுக்கு 1,350. நிறுவனம் செலுத்தும் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்த்தால் ஏறத்தாழ 1,550. மீதியில் கவ்வாத்து வெட்டுபவர், புல் வெட்டுபவர், தொழிற்சாலை ஆட்கள், விறகு, மின்சாரம், உரம், உத்தியோகத்தர் சம்பளம், தரகு எல்லாம் அடங்க வேண்டும். கொள்ளை இலாபம் கொட்டிக்கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆனால் கொழுந்து ஏன் குறைவு? பல தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து விதைச்செடி இன்னும் நிற்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு நிலத்தில் மறுநடுகை செய்ய வேண்டும் என்பது நெடுங்காலப் பரிந்துரை. பெரும்பாலான கம்பனிகள் அதை எட்டியதே இல்லை. ஆளில்லாமல் புல் மண்டிய மலைகள் ஏராளம். போதாக்குறைக்கு 2021இல் ஒரே இரவில் விதித்த இரசாயன உரத் தடையும் விளைச்சலைச் சரித்தது. செடியில் முதலிடாதது நிர்வாகம், உரத்தை நிறுத்தியது அரசு. விளைச்சல் குறைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது மட்டும் கொழுந்து பறிப்பவளா?

ஆள் பற்றாக்குறை என்ற புலம்பலும் அப்படித்தான். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா வீட்டு வேலைக்கும் போய்விட்டார்கள். சம்பளம் வாழப் போதவில்லை என்பதால் ஆள் போகிறது. ஆள் இல்லாததால் கொழுந்து முற்றுகிறது. கொழுந்து குறைவு என்பதால் சம்பளம் ஏற்ற முடியாது என்கிறார்கள். குறைந்த கூலியே இந்தத் தொழிலைத் தின்றுகொண்டிருக்கிறது.

பங்காளியாக்கும் யோசனை

இதற்குக் கம்பனிகள் முன்வைக்கும் மாற்று, நாட்சம்பளத்தையே விட்டுவிடுவது. ஒரு குடும்பத்திடம் குறிப்பிட்ட அளவு செடியை ஒப்படைத்து, பராமரித்துப் பறிக்கச் சொல்லி, கொழுந்துக்குக் கிலோ விலை கொடுப்பது. நேரம் அவரவர் கையில், உழைப்புக்கேற்ற வருமானம் என்கிறார்கள். சில தோட்டங்களில் இப்படிச் செய்து கூடுதலாகச் சம்பாதித்த குடும்பங்கள் இருக்கின்றன.

ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வறட்சியும் விலைச் சரிவும் வந்தால் நட்டம் யாருக்கு? தொழிலாளி என்ற நிலை போய் ஒப்பந்தக்காரர் என்ற நிலை வந்தால் சேமலாப நிதி, பணிக்கொடை, பிரசவ விடுமுறை எங்கே போகும்? சிறு தோட்ட உரிமையாளருக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அதை அடகு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். தோட்டத் தொழிலாளிக்கோ செடி கம்பனியினது, நிலம் அரசினது, குடியிருக்கும் லயக் காம்பராகூடத் தோட்டத்தினது. நிலத்தைக் கொடுக்காமல் நிலக்காரனின் ஆபத்தை மட்டும் கொடுப்பது பங்காளித்தனம் ஆகாது.

வீடும் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே இங்கே பார்க்கப்படுகிறது. இந்திய உதவியில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டும் திட்டம் நடக்கிறது; முதலில் 4,000, பிறகு 10,000 என்று அறிவித்தார்கள். நல்ல தொடக்கம். ஆனாலும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். வேலையை விட்டால் வீடு போய்விடுமோ என்ற பயம் இருக்கும் வரை, பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளியின் குரல் தாழ்ந்தே ஒலிக்கும்.

மூணாறு காட்டியது

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸைக் குறைத்ததற்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் அது. அன்று அவர்களின் நாட்கூலி 232 இந்திய ரூபாய், கேட்டது 500. பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் ஒதுக்கிவிட்டு, ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். 20 சதவீதப் போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ஆனது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. அந்த அமைப்பு பிற்பாடு பிளவுபட்டு மெலிந்தும் போனது. ஆனாலும், பறிப்பவர்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு நேரே வந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒன்பது நாட்கள் காட்டின.

மலையகத்திலும் கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். சங்க மேடைகளில் பேசுபவர்கள் ஆண்கள். காலையில் பெரட்டுக்கு முன் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மாலை வரை மலையில் நிற்பவளுக்கு, அரைப் பேர் எப்படி விழுகிறது, தராசில் எவ்வளவு வெட்டுகிறார்கள், எந்த மாதம் எத்தனை நாள் வேலை என்பதெல்லாம் தெரியும். அவள் இல்லாத பேச்சுவார்த்தையில் இந்த விவரம் எதுவும் வருவதில்லை. ஓர் எண் மட்டும் வருகிறது. சந்தாவைச் சம்பளத்திலிருந்தே கம்பனி பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் இடங்களில், சங்கம் தொழிலாளியின் வாசலுக்கு வந்தே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை.

செய்ய வேண்டியது

முதலாவது, மாத உத்தரவாதம். தொழிலாளி வேலைக்குத் தயாராக இருந்தால் மாதம் 25 நாள் வேலை; வேலை கொடுக்க முடியாவிட்டால் அந்த நாட்களுக்கும் கூலியில் ஒரு பங்கு. எப்படியும் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்குக் கீழே ஒரு தோட்டத் தொழிலாளி விழக் கூடாது. இந்த ஒன்று இல்லாமல் நாட்சம்பளம் 2,000 ஆனாலும் பயன் அரைகுறைதான்.

இரண்டாவது, கிலோ அளவைத் தோட்டத் துரையின் விருப்பத்துக்கு விடாமல், செடியின் வயது, மலையின் உயரம், பருவம் ஆகியவற்றைப் பார்த்து தொழிற்சங்கமும் தொழில் திணைக்களமும் சேர்ந்து நிர்ணயிக்க வேண்டும். எட்டு மணி நேரம் மலையில் நின்றவளுக்கு அரைப் பேர் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். தராசடியில் தொழிலாளர் தரப்பில் ஓர் ஆள் நிற்க உரிமை வேண்டும்.

மூன்றாவது, சம்பளம் ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து தானாக நகர வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் தலைவர்கள் வந்து அறிவிக்கும் வரப்பிரசாதமாக அது இருக்கக் கூடாது. சம்பள நிர்ணய சபை ஆண்டுதோறும் மலையக மாவட்டங்களில் குடும்பச் செலவைக் கணக்கெடுத்து, வாழ்வூதியம் எவ்வளவு, கொடுப்பது எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று வெளியிடட்டும்.

நான்காவது, இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் தோட்டத்தில் மட்டும் இல்லை. இலண்டனிலும் துபாயிலும் அழகான பெட்டியில் ‘சிலோன் டீ’ விற்பவருக்கும் அதில் பங்கு உண்டு. வாழ்வூதியத்தை இலக்கு என்று அறிக்கையில் எழுதிவைத்திருக்கும் வாங்கும் நிறுவனங்கள், எந்த ஆண்டுக்குள், கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவோம் என்றும் எழுத வேண்டும். மறுநடுகை செய்யாத கம்பனியிடமிருந்து நிலத்தை மீட்டு, உழைக்கும் குடும்பங்களுக்கே உறுதியோடு பிரித்துக் கொடுக்கும் துணிவு அரசுக்கு வேண்டும். குத்தகை முடிய 2045 வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த முறை ஏதோ ஒரு மேடையில் ஏதோ ஒரு தலைவர் புதிய எண் ஒன்றை அறிவிப்பார். கைதட்டுமுன் அவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: மாதத்தில் எத்தனை நாளுக்கு? எத்தனை கிலோவுக்கு? நான்கு பேர் சாப்பிடப் போதுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராத சம்பள உயர்வை உயர்வாக ஏற்கத் தேவையில்லை.